மீட்டர் சொன்ன சாட்சி

(உப்பல் தொழிற்பேட்டைப் பகுதியில் நடக்கும் மாலை வகுப்பில், தொண்டர் ஒருவர் பேசிய பேச்சு)

 

இன்று நாம் பாடப் புத்தகத்தைத் திறக்கப் போவதில்லை. ஒரு மோட்டாரைப் பற்றிப் பேசப் போகிறோம்.

நம்மில் பலர் உப்பல் பட்டறைகளில் வேலை செய்கிறோம். சிலர் மரம் அறுக்கிறோம். சிலர் இழைக்கிறோம். சிலர் கிரைண்டிங் செய்கிறோம். எல்லா இடத்திலும் தூசி உண்டு. அந்தத் தூசியை இழுக்க ஒரு எந்திரம் உண்டு. டஸ்ட் கலெக்டர் என்கிறோம். தமிழில் தூசி உறிஞ்சி என்று சொல்லலாம்.

அதில் என்ன இருக்கிறது? ஒரு மோட்டார். மோட்டார் சுற்றும் ஒரு காற்றாடி. காற்றாடியைச் சுற்றி இரும்புக் கூடு. கூட்டுக்கு ஒரு வாய். வாயில் ஒரு குழாய். மறுபக்கம் ஒரு பெரிய துணிப் பை. காற்று பை வழியாக வெளியே போகும். தூசி பையில் தங்கும். அவ்வளவுதான்.

இந்த மோட்டார் சில சமயம் அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கிறது. சுடுகிறது. எரிந்தும் போகிறது. எரிந்தால் பழி யார் மேல் விழும்? பெரும்பாலும் கூட்டிப் பெருக்கும் ஆள் மேல்தான் விழும்.

என் வீட்டில் நடந்த கதையைச் சொல்கிறேன்.

சித்தப்பா மேல் விழுந்த பழி

என் சித்தப்பா ஒரு மரப் பட்டறையில் உதவியாளர். பட்டறையின் பெயர் வேண்டாம். அங்கே 5 குதிரைத் திறன் மோட்டார் போட்ட தூசி உறிஞ்சி இருக்கிறது. பெல்ட் போட்டு ஓடுவது. அதன் பையைத் தினமும் தட்டிச் சுத்தம் செய்வது சித்தப்பாவின் வேலை.

ஒரு நாள் மோட்டார் எரிந்தது. கருகிய வாடை வந்தது. முதலாளி ஓடி வந்தார். பையைப் பார்த்தார். பையில் தூள் நிறைந்து இருந்தது.

"பையைத் தட்டாமல் விட்டாய். காற்றுப் போக வழி இல்லை. மோட்டார் திணறி எரிந்து விட்டது" என்றார்.

ரிவைண்டிங் செலவு 4,500 ரூபாய். அதில் பாதி சித்தப்பா தலையில். 2,250 ரூபாய். வாரம் 450 ரூபாய் வீதம் 5 வாரம் பிடிப்பதாகச் சொன்னார்கள்.

சித்தப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. பணம் போனது ஒரு வருத்தம். "நான் இரண்டு நாள் பையைத் தட்டவில்லை. அது உண்மைதானே" என்பது அதைவிடப் பெரிய வருத்தம். தன் தவறு என்றே அவர் நம்பி விட்டார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் பள்ளிப் படிப்பு மட்டும் படித்தவள். எங்கள் சந்தில் வயதான எலெக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார்.

"பை அடைத்தால் கரண்ட் கூடாதம்மா. குறையும்" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. உங்களுக்கு வருகிறதா?

மூட்டை தூக்கும் ஆள்

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

லாரியில் இருந்து மூட்டை இறக்கும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். கிடங்குக் கதவு பூட்டி இருக்கிறது. மூட்டை வரவில்லை. அவர் வெறும் கையோடு நடக்கிறார். வேர்க்குமா? வேர்க்காது. கதவு அகலத் திறந்து இருக்கிறது. மூட்டை மேல் மூட்டை வருகிறது. அப்போது வேர்க்கும்.

காற்றாடிக்குக் காற்றுதான் மூட்டை.

காற்றுக்கு எடை உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள பெட்டியில் இருக்கும் காற்று சுமார் 1.2 கிலோ எடை இருக்கும். ஓர் எந்திரம் ஒரு மணி நேரத்தில் அப்படி 4,000 பெட்டிக் காற்றை இழுத்தால், எவ்வளவு எடை? பெருக்கிப் பாருங்கள். 4,800 கிலோ. கிட்டத்தட்ட 5 டன்!

குழாய் அடைத்தால் காற்று வராது. பை அடைத்தால் காற்று போகாது. காற்றாடி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிக்கொண்டு இருக்கும். சுமை குறையும். கரண்டும் குறையும்.

குழாயைக் கழற்றி வாயை அகலத் திறந்து விட்டால்? காற்று தடையின்றி வரும். சுமை கூடும். கரண்டும் கூடும்.

நாம் ஏன் தலைகீழாக நினைக்கிறோம்? வீட்டில் மாவு ஆட்டுகிறோம். மாவு இறுகினால் கிரைண்டர் திணறுகிறது. அதனால் அடைப்பு என்றாலே திணறல் என்று நினைக்கிறோம். மாவு வேறு, காற்று வேறு.

ஒன்றை மறக்க வேண்டாம். கட்டை, ஆணி, மரச் சுருள் போய்க் காற்றாடிக்கும் கூட்டுக்கும் நடுவில் சிக்கினால் கதை வேறு. அது சக்கரத்தில் கல் வைத்த மாதிரி. அப்போது கரண்ட் கூடும்.

தகட்டில் எழுதி இருக்கிறது

சரி, கரண்ட் கூடியதா குறைந்ததா என்று எப்படித் தெரியும்? முதலில் அளவு தெரிய வேண்டும்.

ஒவ்வொரு மோட்டாரின் உடம்பிலும் ஒரு சின்னத் தகடு இருக்கும். நேம் பிளேட் என்பார்கள். எழுத்து ஆங்கிலம்தான். பயப்பட வேண்டாம். எண்கள் நமக்குத் தெரிந்த எண்கள்தான்.

கூரை வீடு போல் ஓர் எழுத்து இருக்கும். நடுவில் ஒரு குறுக்குக் கோடு இருக்கும். அது 'ஏ'. ஆம்பியர் என்று பொருள். அதன் பக்கத்தில் உள்ள எண்தான் அந்த மோட்டார் முழுச் சுமையில் இழுக்கக் கூடிய கரண்ட்.

அந்தக் கூரையைத் தலைகீழாக்கிக் கோட்டை எடுத்து விட்டால் 'வி'. வோல்ட் என்று பொருள். மூன்று ஃபேஸ் மோட்டாரில் பெரும்பாலும் 415 என்று இருக்கும்.

சித்தப்பா அடுத்த நாள் வேலைக்குப் போனார். துணியால் தகட்டைத் துடைத்தார். அதில் இருந்த எண்ணைச் சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டு வந்தார். 7.2. புள்ளியை விடாமல் எழுதி இருந்தார். புள்ளியை விட்டிருந்தால் 72 ஆகி இருக்கும்!

இன்னொன்றும் சொன்னார். ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு முள் மீட்டர் இருக்கிறது. முன்பெல்லாம் முள் 6-க்குக் கீழே நிற்கும். எரிவதற்கு முன்பு சில நாட்களாக 9-க்கு மேல் நின்றது. பார்த்தார். ஆனால் அதன் பொருள் அவருக்கு அப்போது தெரியவில்லை.

பட்டறையில் நடந்த சோதனை

மோட்டார் ரிவைண்டிங் ஆகி வந்தது. மாட்டும் நாளில் எங்கள் சந்து எலெக்ட்ரீஷியனும் போனார். முதலாளிக்கும் அவர் தெரிந்தவர்தான்.

அவர் கையில் ஒரு டாங் டெஸ்டர் இருந்தது. இடுக்கி போல் வாய் திறக்கும் மீட்டர். வயரை வெட்ட வேண்டாம். ஒரு வயரை அதன் வாய்க்குள் விட்டால் போதும். அந்த வயரில் ஓடும் கரண்டைக் காட்டும்.

ஒரு வயர் மட்டும்தான் விட வேண்டும். மூன்று வயரையும் சேர்த்து விட்டால் ஒன்றை ஒன்று கழித்துப் பூஜ்யம் காட்டும். மோட்டார் கரண்டே இழுக்கவில்லை என்று ஏமாந்து போவோம்.

இன்னொரு கவனம். மோட்டார் கிளம்பும்போது வழக்கமான அளவைப் போல் 6, 7 மடங்கு கரண்ட் இழுக்கும். நம் மோட்டாரில் அது 40 ஆம்பியருக்கு மேல் போகும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். சில நொடிகளில் இறங்கி விடும். காற்றாடி முழு வேகம் பிடித்த பிறகுதான் அளவு எடுக்க வேண்டும்.

மோட்டார் ஓடியது. பை சுத்தமாகத் தட்டி இருந்தது. மீட்டர் 9.5 காட்டியது. தகட்டில் 7.2. மூன்று வயரிலும் 9.5.

"பார்த்தீர்களா, சுத்தமான பைதான். ஆனாலும் அதிகம் இழுக்கிறது" என்றார் எலெக்ட்ரீஷியன்.

மோட்டாரை நிறுத்தினார். தூள் நிறைந்த பழைய பையை மாட்டச் சொன்னார். மறுபடி ஓட விட்டார். மீட்டர் 8.6 காட்டியது. குறைந்து விட்டது!

பிறகு ஒரு பிளைவுட் பலகையால் குழாயின் வாயை மூடினார். மீட்டர் 4-க்கு இறங்கியது. பலகையை எடுத்தார். ஏறியது.

பட்டறையில் யாரும் பேசவில்லை. சித்தப்பா மட்டும் மீட்டரையே பார்த்துக்கொண்டு இருந்தாராம். அவருக்காக அந்த மீட்டர் சாட்சி சொல்லி விட்டது.

உண்மையான குற்றவாளி

அப்படியானால் கரண்ட் ஏன் கூடியது?

எலெக்ட்ரீஷியன் பெல்ட் மூடியைக் கழற்றினார். மோட்டார் புல்லியை அளந்தார். 6 அங்குலம். "முன்பு எவ்வளவு?" என்று கேட்டார். 5 அங்குலம். இழுப்பு போதவில்லை என்று யாரோ பெரிய புல்லி போட்டு இருக்கிறார்கள்.

5-க்கு 6 போட்டால் காற்றாடியின் வேகம் 1.2 மடங்கு ஆகும். ஒரு பங்கில் ஐந்தில் ஒன்றுதான் கூடுகிறது. இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் காற்றாடிக்கு ஒரு கணக்கு உண்டு. வேகம் கூடினால் அதற்கு வேண்டிய திறன் மூன்று முறை பெருக்கிய அளவு கூடும்.

1.2 × 1.2 × 1.2 = 1.728.

அதாவது 5 பேர் செய்த வேலைக்கு இப்போது 8 பேருக்கும் மேல் வேண்டும். காற்று மட்டும் ஐந்தில் ஒரு பங்கு கூடும். பாரமோ முக்கால் பங்கு கூடும். 5 குதிரை மோட்டார் எப்படித் தாங்கும்?

அது தாங்காமல் முதலில் சொல்லித்தான் பார்த்தது. ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே என்று ஒரு காவல்காரன் உண்டு. கரண்ட் அளவு மீறினால் அது மோட்டாரை நிறுத்தி விடும். அன்று அது அடிக்கடி விழுந்தது. வேலை கெடுகிறது என்று யாரோ ரிலேயின் திருகைத் திருப்பி 10-ல் வைத்து விட்டார்கள். காவல்காரன் வாயைக் கட்டி விட்டார்கள். சில நாட்களில் மோட்டார் எரிந்தது.

பழைய 5 அங்குல புல்லியை மாட்டினார்கள். ரிலேயை 7.2-ல் வைத்தார்கள். ஓட்டினார்கள். மீட்டர் 5.8 காட்டியது.

அதோடு சித்தப்பாவிடம் பிடிப்பதும் நின்றது. அதற்குள் 2 வாரம் பிடித்து விட்டார்கள். அந்த 900 ரூபாயும் அடுத்த சம்பளத்தில் வந்தது. தவறு எங்களுடையது என்று யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை. பரவாயில்லை. சித்தப்பா அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

வேறு என்ன காரணங்கள்?

எல்லாப் பட்டறையிலும் புல்லிதான் காரணம் என்று இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குழாய் இல்லாமல் ஓட்டுவது: புது எந்திரம் வருகிறது. குழாய் மாட்டும் முன்பே ஓட்டிப் பார்க்கிறார்கள். கரண்ட் அதிகம் காட்டுகிறது. மோட்டார் கெட்டது என்று திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள். மோட்டார் மேல் குற்றம் இல்லாமல் இருக்கலாம். குழாயை மாட்டி, பையை மாட்டி, பிறகு அளக்க வேண்டும். குழாய் பிய்ந்து இருந்தாலும், வேலை இல்லாத எந்திரங்களின் காற்றுக் கதவு எல்லாம் திறந்து இருந்தாலும் இதே கதைதான். வேலை நடக்கும் எந்திரத்தின் கதவை மட்டும் திறந்து வையுங்கள்.

குறைந்த மின் அழுத்தம்: கோடைக் காலத்திலும், எல்லாப் பட்டறையும் ஓடும் நேரத்திலும் வோல்ட் இறங்கலாம். மெல்லிய வயரை நீளமாக இழுத்து இருந்தாலும் வோல்ட் இறங்கும். சுமையோடு ஓடும் மோட்டார், வோல்ட் குறைந்தால் கரண்டைக் கூட்டி இழுக்கும். அதனால் கரண்ட் அளக்கும்போதே மோட்டாருக்குப் பக்கத்தில் வோல்ட்டும் அளக்கச் சொல்லுங்கள்.

மூன்று வயரிலும் மூன்று அளவு: மூன்று ஃபேஸிலும் கரண்ட் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் அதிகம் என்றால், எலெக்ட்ரீஷியன் மூன்று வயரையும் ஓரிடம் தள்ளி மாற்றிப் போட்டுப் பார்ப்பார். மூன்றையும் சேர்த்து மாற்றினால் சுற்றும் திசை மாறாது. அதிக கரண்ட் அதே லைனில் நின்றால் குறை வரும் மின்சாரத்தில். மோட்டார் வயரோடு சேர்ந்து நகர்ந்தால் குறை மோட்டாரில்.

ஒரு ஃபேஸ் போய் விடுவது: ஒரு ஃபியூஸ் போனாலும், ஒரு திருகு தளர்ந்தாலும் இது நடக்கும். மோட்டார் 'ஊம்' என்று முனகும். மற்ற இரண்டு வயரில் கரண்ட் எகிறும். உடனே நிறுத்துங்கள். நிமிடக் கணக்கில் எரிந்து விடும்.

இறுக்கம்: பேரிங் காய்ந்து இருக்கலாம். பெல்ட் அளவுக்கு மீறி இறுகி இருக்கலாம். காற்றாடி கூட்டில் உரசலாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகு, கையால் சுற்றிப் பார்த்தால் தெரிந்து விடும்.

மோட்டாரின் உள் குறை: இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். சுமை இல்லாத மோட்டார், தகட்டில் உள்ள அளவில் பாதி அல்லது அதற்கும் குறைவாகத்தான் இழுக்கும். அப்படி இருந்தால் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டாம், சுமையைப் பாருங்கள். சுமை இல்லாமலே தகட்டு அளவை நெருங்கினால் வைண்டிங்கையோ, உள் இணைப்பையோ, வரும் வோல்ட்டையோ பார்க்க வேண்டும். ரிவைண்டிங் செய்து வந்த மோட்டாரில் இந்தச் சோதனை கட்டாயம்.

நம் வேலை எது? அவர் வேலை எது?

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறப்பது, டாங் டெஸ்டர் போடுவது, வயர் மாற்றுவது, ரிலேயை வைப்பது, இவை உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியன் வேலை. 415 வோல்ட் இரண்டாவது வாய்ப்புக் கொடுக்காது. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே வைக்கும் கணக்கே வேறு. அதையும் அவர்தான் வைக்க வேண்டும்.

காற்றாடியையோ பெல்ட்டையோ தொடும் முன்பு மெயினை நிறுத்த வேண்டும். ஃபியூஸை எடுத்து நம் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். "ஆள் வேலை செய்கிறார், போடாதே" என்று ஓர் அட்டை எழுதித் தொங்க விட வேண்டும். நமக்குத்தான் இப்போது எழுதத் தெரியுமே! உப்பலில் தெலுங்கு பேசுபவரும், இந்தி பேசுபவரும் நம்மோடு வேலை செய்கிறார்கள். அவர்களிடம் கேட்டு அந்த மொழிகளிலும் எழுதி வையுங்கள்.

அப்படியானால் நம் வேலை என்ன? பார்ப்பது. எழுதி வைப்பது. தகட்டில் என்ன எண்? இன்று முள் எதில் நின்றது? ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதியும் அளவும் எழுதினால் போதும். சித்தப்பாவிடம் அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால், முள் 9-ஐத் தாண்டிய அன்றே காட்டி இருப்பார். மோட்டார் எரிந்தே இருக்காது.

பையைத் தட்ட வேண்டாமா?

சிலர் நினைக்கலாம். பை அடைத்தால் கரண்ட் குறைகிறதே, பின் பையை ஏன் தட்ட வேண்டும்?

தட்டத்தான் வேண்டும். மோட்டாருக்காக அல்ல. நமக்காக.

பை அடைத்தால் காற்று இழுக்காது. தூசி பட்டறையிலேயே நிற்கும். நாம் அதை மூச்சில் இழுப்போம். மரத்தூள் மூக்கில் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இல் அறிவித்தது. கல், மணல் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தூசி வரும் இடத்திலேயே அதை இழுத்து அகற்ற ஏற்பாடு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே 14-ஆவது பிரிவில் சொன்னது.

ஆகவே முள் மிகவும் கீழே இறங்கினாலும் கவனியுங்கள். வழக்கமாக 5.8-ல் நிற்கும் முள் ஒரு நாள் 4.5-ல் நின்றால், மோட்டார் சுகமாக இருக்கிறது, நாம் சுகமாக இல்லை என்று பொருள். எங்கோ அடைத்து இருக்கிறது.

கரண்ட் அதிகம் என்று சொல்லித் தூசி உறிஞ்சியை நிறுத்தி வைப்பதும் தீர்வு அல்ல. காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் தீர்வு.

முடிக்கிறேன்

சித்தப்பா நம் வகுப்புக்கு வந்து 8 மாதம் ஆகிறது. முதலில் வெட்கப்பட்டார். "இந்த வயதில் படித்து என்ன ஆகப் போகிறது?" என்று கேட்டார். இன்று கேட்பதில்லை. அதோ, கடைசி வரிசையில் உட்கார்ந்து இருக்கிறார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் இருக்கிறது.

நாளைக் காலை நீங்களும் ஒன்று செய்யுங்கள். வேலை தொடங்கும் முன்பு, மோட்டார் நிற்கும்போது, தகட்டைத் துடையுங்கள். எண்ணைப் படியுங்கள். எழுதிக்கொண்டு வாருங்கள். நாளை மாலை ஒவ்வொருவராக வாசித்துக் காட்டலாம். புள்ளியை மட்டும் விட்டு விடாதீர்கள்.



சேர்ந்து பேசுவோம்

1. பை அடைத்தால் மோட்டாரின் கரண்ட் கூடுமா, குறையுமா? ஏன்?
2. உங்கள் பட்டறை மோட்டாரின் தகட்டில் எத்தனை ஆம்பியர் எழுதி இருக்கிறது?
3. ரிலே அடிக்கடி விழுந்தால் என்ன செய்ய வேண்டும்? என்ன செய்யக் கூடாது?
4. 4 அங்குல புல்லிக்குப் பதில் 5 அங்குல புல்லி போட்டால் வேகம் 1.25 மடங்கு. திறன் எத்தனை மடங்கு ஆகும்? பெருக்கிப் பாருங்கள்.